‘இருக்கலாம்’ அக்கா

மழை பெய்கிறதா என்று அக்காவிடம் கேட்கக் கூடாது. எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கேட்டால் சன்னல் பக்கம் போவார், திரையை விலக்குவார், நிதானமாகப் பார்ப்பார். பிறகு, “மேலேருந்து தண்ணி விழுது” என்பார். அது மழையா, ஆறாவது மாடிக்காரர் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரா, மொட்டை மாடித் தொட்டி வழிகிறதா என்பதெல்லாம் அவர் பொறுப்பில்லை. இதை எனக்கு முதலில் சொன்னவர் அவருடைய கணவர். சொல்லிவிட்டு, “குடை எடுக்கணுமா வேணாமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு நேரா ஒரு பதில் வந்ததில்ல லாயர்” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

நான் கிள்ளானில் வக்கீல் தொழில் பார்க்கிறவன். குற்ற வழக்குகள்தான் அதிகம். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில் சத்தம் கேட்கிற பழைய அடுக்குமாடி ஒன்றில். அக்காவும் அவர் கணவரும் அப்போது எதிர்வீட்டில் இருந்தார்கள். அக்கா வேதியியல் படித்தவர். போலீஸ் கொண்டுவந்து கொடுக்கும் பொட்டலங்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் கறை என்ன, முடி யாருடையது போலிருக்கிறது, நூல் எந்தத் துணியோடு ஒத்துப்போகிறது என்று ஆராய்ந்து எழுதிக் கொடுக்கும் தடயவியல் சோதனைக்கூடம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குள்ளமான உருவம், வீட்டில் எந்நேரமும் பூப்போட்ட பாத்தேக் கவுன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அந்தக் கூடத்தில் அவருக்கு இருந்த பெயர்தான் இந்த அடுக்குமாடிக்கும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. ‘இருக்கலாம்’ அக்கா.

பெயர் வந்த காரணத்தை விளக்கவே வேண்டாம். இது இரத்தமா என்றால் “இருக்கலாம்.” இந்த முடி அவனுடையதா என்றால் “இருக்கலாம்.” சில போலீஸ்காரர்கள் அக்கா விடுப்பில் போகும் நாளாகப் பார்த்துப் பொட்டலங்களைக் கொண்டுவருவார்களாம். இதையும் சொன்னது கணவர்தான். அக்கா அதைக்கூட உறுதிப்படுத்தவில்லை. “நான்தான் லீவுல இருந்தேனே, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அந்தக் கணவர் அக்காவுக்கு நேரெதிர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். எதையும் அடித்துச் சொல்வார். இந்தத் தடவை துரியான் பழத்தின் விலை இறங்கும், கீழ்வீட்டுப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், அடுத்த பிரதமர் இன்னார் என்று தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் மூன்று தீர்ப்பு கொடுத்துவிடுவார். மூன்றும் பொய்த்தாலும் முகம் வாடாது. பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கு அக்கா, “இது வரைக்கும் தப்பா ஒண்ணும் தெரியல” என்றாராம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். “இன்னும் அதே ரிப்போர்ட்தான் ஓடிக்கிட்டு இருக்கு லாயர். அப்டேட் இல்ல” என்பார் கணவர்.

வாழையிலைக் கடைக்கு அவர்களோடு போவதே ஒரு பொழுதுபோக்கு. கணவர் முதல் கவளத்திலேயே “மட்டன் பிரமாதம் லா!” என்று சமையற்கட்டு வரை கேட்கச் சொல்வார். அக்கா பாதி இலை முடிந்த பிறகு, “உப்பு சரியா இருக்கு” என்பார். இது பாராட்டு என்று புரிவதற்கு அந்தச் சமையற்காரருக்கு வெகுநாள் ஆயிற்று. பாசாரில் மீன்காரர் “இன்னிக்குக் காலைல புடிச்சதுக்கா” என்று சொல்லிவிட்டால் போதும், “நீ கூடப் போனியா?” என்று கேட்பார். சண்டைக்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். மீன்காரருக்கு அது புரியாமல் மீனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

தொலைக்காட்சியில் கொலை துப்பறியும் தொடர்கள் வந்தால் அக்கா தவறாமல் பார்ப்பார். மற்றவர்கள் நகம் கடிக்கிற இடத்தில் இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு முடியை மெஷினில் போட்டதும் ஆளின் படமும் வீட்டு முகவரியும் திரையில் வந்து நிற்கும் காட்சியில் அவருக்குப் புரையேறியே விட்டது. “அந்த மெஷின் எங்க லா விக்குது? சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கி ஹால்ல வச்சுக்கிறேன்.”

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். கார் பார்க்கில் நின்ற அவருடைய புதுக் காடியின் கதவில் யாரோ நீளமாகக் கீறிவிட்டார்கள். கீறலில் சிவப்பு பெயின்ட் ஒட்டியிருந்தது. இரண்டாவது மாடியில் சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சிவப்பு. தலைவர் வழக்கை அப்போதே முடித்துவிட்டார். முத்திரை குத்துவதற்கு மட்டும் அக்காவைக் கூட்டிவந்தார். அக்கா பூதக்கண்ணாடியோடு குனிந்து காடியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். “ரெண்டு சிவப்பும் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்றார். தலைவர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“சரி, இந்தக் கார் பார்க்ல இன்னும் எத்தன சிவப்பு இருக்கு?” என்றார் அக்கா அடுத்ததாக.

அதன் பிறகு அவர் முன்னே போக, நாங்கள் ஊர்வலமாகப் பின்னே போனோம். சிவப்பு மோட்டார்கள், சிவப்பு சைக்கிள், தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் கதவு, தலைவரின் வீட்டம்மா பாசாருக்கு இழுத்துப் போகும் கைவண்டி என்று எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. “அப்ப யாருதான் செஞ்சது?” என்று தலைவர் கத்தினார். “தெரியல” என்றார் அக்கா. காடி கீறப்பட்டதைவிட இந்தப் பதில்தான் தலைவருக்கு அதிகமாக வலித்தது. கடைசிவரை யார் செய்தது என்று தெரியவில்லை. அந்த டெலிவரி இளைஞர் மட்டும் அக்காவை எங்கே பார்த்தாலும் மோட்டாரை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, தினேஷின் மேல்முறையீடு என் கைக்கு வரும்வரை.

தினேஷ் கிள்ளானில் காய்கறி லோரி ஓட்டியவன். மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை. ஆயுத பூசையன்று விடுப்பு கேட்டிருக்கிறான், அவர் கொடுக்கவில்லை, வாய்ச்சண்டை ஆகிவிட்டது. பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த வியாபாரி கிடங்குக்குள் மண்டை உடைந்து கிடந்தார். யாரோ பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்திருந்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் யார் அடித்தது என்று அவருக்கே தெரியாது. போலீஸ் தினேஷைப் பிடித்தபோது அவனுடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் சிவப்புத் தெறிப்புகள் இருந்தன. திருஷ்டி கழித்தபோது பட்ட குங்குமம் என்று அவன் சொன்னான்.

சோதனைக்கூடத்தில் அந்தக் கறையைத் துடைத்து மருந்து விட்டுப் பார்த்தார்கள். இரத்தத்துக்கு வர வேண்டிய இளஞ்சிவப்பு நிறம் வந்தது. அடுத்து யாருடைய இரத்தம் என்று டி.என்.ஏ. பார்ப்பதற்காகக் கறை பட்ட துணியை வெட்டி எடுத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, துணியும் தீர்ந்துவிட்டது. அவன் சொன்ன குங்குமத்துக்கும் அதே மருந்தை விட்டுப் பார்த்தார்கள். நிறம் வரவில்லை. அவ்வளவுதான், அவன் சொன்ன காரணமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. குங்குமம் என்று பொய் சொல்கிறவன் வேறு எதற்குச் சொல்வான்? ஏழு வருடச் சிறை என்று தீர்ப்பு. நான் வழக்கை எடுத்தபோது அதில் இரண்டு வருடம் கழிந்திருந்தது. அவன் அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். வாரம் தவறாமல் என் அலுவலகப் படியேறி வந்து, எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஏதாவது கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே இந்த வழக்கைப் பற்றிப் புலம்பினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

“குங்குமம் ஷூவுல எப்படிப் பட்டுச்சாம்?”

“திருஷ்டி சுத்தி உடைச்சப்ப தெறிச்சிருக்குக்கா. லீவு கிடைக்கலல்ல, அதனால லோரி நிக்கிற எடத்துலயே பூச போட்டிருக்கான்.”

“எத உடைச்சான்?”

நான் சிரித்துவிட்டேன். “பூசணிக்காயத்தான். வேற எத உடைப்பாங்க?”

“நீ சொல்லித்தான் இப்ப பூசணிக்காய் வருது. கோர்ட்டுல யாராச்சும் சொன்னாங்களா?”

பையிலிருந்த வழக்குக் கட்டைப் புரட்டினேன். திரும்பவும் புரட்டினேன். ‘சமயச் சடங்கில் பயன்படுத்திய சிவப்புத் தூள்’ என்று மலாயில் இருந்தது. சிவப்புத் தூள், சிவப்புத் தூள் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பூசணிக்காய் ஒரு வரியில்கூட இல்லை. தினேஷ் தமிழன். அவனுடைய பழைய வக்கீல் தமிழர். மொழிபெயர்த்தவரும் தமிழர். திருஷ்டி உடைத்தபோது பட்ட குங்குமம் என்றால் எங்களுக்குள் போதும். எதை உடைத்தாய் என்று ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் கேட்பானா? தெரிந்த விஷயம் என்பதால் யாருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் இருந்தவருக்கோ இந்தச் சடங்கே தெரியாது. தூள் என்றார்கள், தூளைச் சோதித்தார்.

“பூசணிக்காய் உள்ள வெள்ள வெளேர்னு இருக்கும். அதுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் கணவர், சட்டினியைத் தள்ளிக்கொண்டே.

“அந்த மருந்துக்குச் சிவப்பு, வெள்ள எல்லாம் தெரியாது. ரத்தத்துல இருக்கிற ஒண்ணு அத பிங்க் ஆக்குது. சில காய்கறியிலயும் அதே வேலய செய்யிற சரக்கு இருக்கு. முள்ளங்கியில பாத்திருக்கேன். அதனாலதான் பிங்க் வந்தா ‘ரத்தமா இருக்கலாம்’னு மட்டும் எழுதணும். அப்புறம் இன்னொரு டெஸ்ட் போட்டு உறுதி பண்ணணும். இங்க உறுதி பண்ண துணி இல்ல.”

“அப்ப பூசணிக்காய் பிங்க் ஆக்குமாக்கா?” என்றேன்.

“தெரியாது” என்றார் அக்கா. மற்றவர்கள் லாட்டரி விழுந்தது என்று சொல்கிற முகத்தோடு சொன்னார்.

ஆயுத பூசை அடுத்த வாரமே வந்தது. மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸ் ரோடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூக்கடை, நகைக்கடை, மோட்டார் ஒர்க்‌ஷாப் என்று ஒவ்வொரு வாசலிலும் பூசணி சிதறிக் கிடக்கும். சனங்கள் காலில் படாமல், தாண்டிவிடாமல், சுற்றிச் சுற்றிப் போவார்கள். அந்தச் சிதறல்களுக்கு நடுவே எங்கள் அக்கா கையுறை போட்டுக்கொண்டு குனிந்து, துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி, அவரைத் தெரியாதவன் போல நின்றேன்.

“ஐயோ ஆன்டி! அத தொடக் கூடாது!” என்று பூக்கடைப் பெண் அலறினாள்.

“ஏன், என்ன ஆகும்?”

“ஊர்க்கண்ணு பூரா உங்க மேல வந்துரும்!”

“வரலாம்” என்றார் அக்கா. அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

கடையில் புதிதாக ஒன்று வாங்கினால் போதாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். புதுக்காயும் வாங்கப் போகிறாராம். ஆனால் தினேஷின் ஷூவில் பட்டது குங்குமமும் சுண்ணாம்பும் ரோட்டு மண்ணும் கலந்தது. அதே மாதிரிதான் பார்க்க வேண்டும் என்றார். பையோடு நாங்கள் லிப்டில் ஏறியதும் மூன்றாம் மாடிப் பெண்மணி ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார். மதியத்துக்குள் லிப்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. சங்கத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆகமத்துக்கு விரோதமான செயல்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெரியதாக ஒன்று எழுதினார். கணவர் மட்டும், “என் பொண்டாட்டிய எந்தக் கண்ணும் ஒண்ணும் பண்ணாது. அவதான் அந்தக் கண்ண டெஸ்ட் பண்ணிருவா” என்று வீட்டுக்கு வீடு போய்ச் சமாதானம் சொல்லிவந்தார்.

அக்காவின் பழைய தோழி ஒருவர் ஒரு கல்லூரியில் வேதியியல் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே மேசை கிடைத்தது. அக்கா என்னையும் இழுத்துப்போனார். வெள்ளைத் துணித் துண்டுகளில் பூசணிச் சாறு, குங்குமம் மட்டும், இரண்டும் சேர்ந்தது, எலுமிச்சை, பாசாரிலிருந்து வாங்கிவந்த கோழி இரத்தம் என்று ஒவ்வொன்றாகத் தடவி, காயவைத்து, எண் போட வேண்டியது என் வேலை. எந்த எண் எது என்று அவரிடம் சொல்லக் கூடாது. அவர் வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டார்.

“ஏன்க்கா, உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?”

“இல்ல” என்றார். “அந்தப் பையன் வெளிய வரணும்னு எனக்கு ஆசையா இருக்கு. ஆசையோட பாத்தா, வராத பிங்க்கும் வரும்.”

அக்கா ஒரு ஆசையை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். தினேஷை அவர் பார்த்ததுகூட இல்லை. எனக்கு அவர் மேல் திடீரென்று அப்படி ஒரு பிரியம் வந்தது.

அவர் உள்ளே வந்து, துண்டுகளைத் துடைத்து, மருந்துகளைச் சொட்டினார். கோழி இரத்தம் சட்டென்று நிறம் மாறியது. குங்குமம் அப்படியே கிடந்தது. பூசணியும் குங்குமமும் கலந்த துண்டு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, மெல்ல, வெட்கப்படுவது போல, இளஞ்சிவப்பாகியது. நான் கத்திவிட்டேன். அக்காவின் தோழி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

“குதிக்காத. நீ குதிச்சதுல எது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. திரும்ப முதல்லேருந்து செய்யணும்.”

திரும்பச் செய்தோம். அதுவும் தோழி எண் போட, என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு. முடிவு மாறவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகப் போயிற்று. நீதிமன்றத்துக்கு என்று அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் சண்டை வந்தது. ‘குங்குமம் கலந்த பூசணிச் சாறும் இந்தச் சோதனையில் இரத்தம் போலவே நிறம் காட்டக்கூடும். ஆகவே ஷூவில் இருந்தது இரத்தமா இல்லையா என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.’ அவ்வளவுதான் எழுதினார். நான் ஒரே ஒரு சொல் கேட்டேன். ‘பெரும்பாலும் பூசணிதான்’ என்று போடச் சொன்னேன்.

“பெரும்பாலும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அக்கா, ஒருத்தன் உள்ள கெடக்கான். அவங்கம்மா வாராவாரம் வந்து என் முன்னால உக்காருது. ஒரு வார்த்த லா!”

“அவன் உள்ள கெடக்குறதே ஒரு வார்த்தையாலதான்” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “மொத டெஸ்ட் செஞ்ச ஆளு ‘இருக்கலாம்’னு நெனச்சிருப்பாரு, எழுதுறப்ப ‘பாசிட்டிவ்’னு எழுதுனாரு. பிராசிகியூட்டர் அத ‘ரத்தம்’னு படிச்சாரு. ஜட்ஜு ‘அடிபட்டவரோட ரத்தம்’னு முடிச்சாரு. யாரும் பொய் சொல்லல. ஆளாளுக்கு ஒரு அடி முன்னால வச்சாங்க, அவ்வளவுதான். இப்ப நீ என்னையும் ஒரு அடி வைக்கச் சொல்ற.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். கணவர் என் பின்னாலேயே வந்து என் வீட்டு வாசலில் நின்றார். “மனசுல வச்சுக்காத லாயர். நான் அழகா இருக்கேனான்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கே இன்னும் ரிசல்ட் வரல.” சிரிக்கக் கூடாது என்று இருந்தும் சிரித்துத் தொலைத்தேன்.

மேல்முறையீட்டு நீதிபதி அக்காவைக் கூடுதல் சாட்சியாக விசாரிக்க அனுமதித்தார். வழக்குமன்றத்தில் பேச்செல்லாம் மலாய். நான் நம் பேச்சில் சொல்கிறேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், கெட்டிக்காரர். நேராக என் அடிவயிற்றில் கை வைத்தார்.

“ஷூவுல இருந்தது ரத்தம் இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“அப்ப ரத்தமா இருக்கலாம்?”

“இருக்கலாம்.”

கூண்டில் நின்ற தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வழக்கறிஞர் வழக்குக் கோப்பை மூடிக்கொண்டே, பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டவர் மாதிரி, “அப்படின்னா அம்மா எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று கேட்டார்.

“மொதல்ல கொடுத்த ரிப்போர்ட்ல ‘இருக்கலாம்’ இல்ல. அத போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார் அக்கா.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். பூசணி என்றால் எது, ஏன் உடைக்கிறார்கள், உடைத்தால் எவ்வளவு தூரம் தெறிக்கும், உறுதி செய்யும் சோதனை ஏன் நடக்கவில்லை என்று அடுக்கினார். அக்கா தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். எத்தனை தடவை தெரியாது என்றாரோ, அத்தனை தடவையும் நீதிபதி அவரை இன்னும் கொஞ்சம் நம்பியது என் கண்ணுக்கே தெரிந்தது. நான் கேட்ட அந்த ஒரு சொல்லை அவர் போட்டிருந்தால் அந்த அரசுத் தரப்பு இளைஞர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் கிழித்திருப்பார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தண்டனை ரத்தானது. வாய்ச்சண்டையை மட்டும் வைத்து ஒருவனை உள்ளே வைக்க முடியாது என்று தீர்ப்பில் இருந்தது. அந்த வியாபாரியை அடித்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தினேஷும் அவன் அம்மாவும் பழத்தட்டோடு பிரிக்பீல்ட்ஸ் வந்தார்கள். நான்தான் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கணவர் ஓடி ஓடிக் கோப்பி கலக்கினார். “எனக்கு மொத நாளே தெரியும், இவன் மொகத்தப் பாத்தாலே சொல்லிறலாம்” என்றார். தினேஷின் முகத்தை அவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. தினேஷ் சோபா நுனியில், யாராவது எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் போல உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா கோப்பியைத் தொடவில்லை. என்னிடம் இத்தனை மாதமும் எதுவும் கேட்காதவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, கோர்ட்டுல நீங்க பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல. விட்டுட்டாங்க, அது மட்டுந்தான் தெரியும். எங்க தாமான்ல, அக்கம்பக்கத்து வீடுங்கள்ல, இன்னும் நாலு பேரு என் மவன ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க. அது போவட்டும். நீங்க படிச்சவங்க, எல்லாத்தயும் சோதிச்சுப் பாத்தவங்க. என் மவன் செய்யலன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே? அத ஒரு தடவ ஒங்க வாயால சொல்லிருங்கக்கா. எனக்கு அது போதும்.”

கணவர் கரண்டியைக் கையில் வைத்தபடி சமையற்கட்டு வாசலில் நின்றுவிட்டார். நான் அக்காவையே பார்த்தேன். சொல்லிவிடுங்கள் அக்கா, இது கோர்ட் இல்லை, இங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை, ஒரு தாய்க்காகச் சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் மன்றாடினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கவுன் நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“நான் அங்க இல்லம்மா” என்றார். “அதனால எனக்கு அது தெரியாது.”

அந்த அம்மாவின் கை மெல்ல நழுவி மடிக்கு வந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அக்கா மேல் வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

“விடும்மா” என்றான் தினேஷ். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். “தெரியும், தெரியும்னு சொன்னவங்க எல்லாந்தான் என்னை உள்ள போட்டாங்க. தெரியாதுன்னு சொன்னது இவங்க ஒருத்தவங்கதாம்மா.”

கோப்பியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தான். அவன் அம்மா அவனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து, சுளைகளைப் பிரித்து அக்காவின் கையில் வைத்தார். அக்கா அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏய், என்ன நீ, அழுறியா?” என்றார் கணவர்.

அக்கா ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டார். விரல் நுனியைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

“கண்ணுலேருந்து தண்ணி விழுது” என்றார்.